அதற்கு ஃபார்மேட் இல்லையே: துணைவேந்தர்களுக்கு ஒரு தட்டச்சுக் கடைக்காரரின் திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களுக்கும், கல்விப்பேரவை உறுப்பினர்களுக்கும், துணைவேந்தர் நாற்காலி காலியாக இருக்கும் இடங்களில் அந்தப் பொறுப்பைப் பார்த்துக்கொள்ளும் குழுவினருக்கும்,

வணக்கம்.

நான் பேராசிரியர் இல்லை, ஆய்வாளரும் இல்லை. ஒரு பல்கலைக்கழக வாசலுக்கு எதிர்வரிசையில் தட்டச்சு, ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். தட்டச்சுத் தேர்வில் ஆங்கிலம் ஹையர், தமிழ் லோயர் முடித்துவிட்டு 1994-இல் ஒரு பழைய ரெமிங்டனோடு உட்கார்ந்தவன். அப்புறம் கணினி வந்தது, பாமினி என்ற தமிழ் எழுத்துரு வந்தது, லேசர் பிரிண்டர் வந்தது. இத்தனை வருடத்தில் என் கை வழியாகப் போன ஆய்வேடுகளை எண்ணி வைக்கவில்லை. காலையில் இறால் ஓட்டிலிருந்து கைட்டின் பிரிப்பது, மதியம் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த கான்கிரீட், சாயங்காலம் சங்க இலக்கியத்தில் நெய்தல் நிலம் என்று ஒரே நாளில் தட்டியிருக்கிறேன். எதுவும் முழுதாகப் புரியாது. ஆனால் எல்லாவற்றிலும் கொஞ்சம் விரலில் ஒட்டிக்கொள்ளும்.

நன்றியுரையின் கடைசி வரியில் சில சமயம் என் பெயரும் வரும், 'பிழையின்றித் தட்டச்சு செய்து தந்த' என்று. பிழையின்றி என்பது பொய். மற்றபடி மகிழ்ச்சிதான்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தத் துறையில், எந்த மொழியில் எழுதப்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடாக இருந்தாலும், அதற்குள் நான்கு பக்கம் தமிழில் இருக்க வேண்டும். என்ன கேள்வி கேட்டார், எங்கே போய், யாரிடமிருந்து, எதை எடுத்தார், என்ன கண்டார் என்பதை அந்தப் பக்கங்களில் ஆய்வாளரே எழுத வேண்டும். தண்ணீரோ மண்ணோ பாட்டோ கதையோ மருந்தோ எந்த ஊரிலிருந்து எடுக்கப்பட்டதோ, அந்த ஊருக்கு அந்த நான்கு பக்கமும் வைவா எனும் வாய்மொழித் தேர்வுக்கு முன்னாலேயே போய்ச் சேர வேண்டும். இதை உங்கள் விதிமுறைப் புத்தகத்தில் ஒரு வரியாகப் போடுங்கள். அவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதற்குத்தான் மீதிக் கடிதம்.

2011 ஆக இருக்கும். வேதியியல் ஆய்வு மாணவர் ஒருவர் ஒரு கட்டுக் கையெழுத்துப் பிரதியோடு வந்தார். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு பற்றிய ஆய்வு. அந்தப் பகுதிப் பாறைகளிலேயே ஃபுளோரைடு உண்டு. ஆழத்தில் பாறையோடு நெடுங்காலம் கிடக்கும் தண்ணீர் அதைக் கரைத்துக்கொள்கிறது. போர் போட்டு உறிஞ்சும்போது அதுவும் சேர்ந்து மேலே வருகிறது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் வளரும் பிள்ளைகளின் பல்லில் கறை விழும். அளவு இன்னும் கூடி, வருடக்கணக்கில் குடித்தால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். இதெல்லாம் தட்டும்போது தெரிந்துகொண்டதுதான்.

பின்னிணைப்பில் மாதிரி எடுத்த இடங்களின் அட்டவணை. அட்டவணை தட்டுவது அலுப்பான வேலை. எண்ணைப் பார்த்து எண்ணைத் தட்டுவோம், பொருளைப் பார்க்க மாட்டோம். அன்று பார்த்துவிட்டேன். வரிசையில் என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் இருந்தது. மாரியம்மன் கோயில் அடிபம்பு என்றே போட்டிருந்தது. நேரே இருந்த எண், 1.5-இன் இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது.

அக்காவுக்குப் போன் போட்டு, பசங்க பல்லு எப்படிக்கா இருக்கு என்று கேட்டேன். என்னடா திடீர்னு பல்லைக் கேக்கற என்றாள். சின்னவனுக்கு முன்பல்லில் பழுப்புக் கறையாம். உப்புத் தண்ணி, ஊர்ல எல்லாப் பிள்ளைங்களுக்கும் அப்படித்தான், என்றாள். "நான் எதுக்கும் தண்ணிய நல்லா சுண்டக் காய்ச்சித்தான்டா குடுக்கறேன்" என்று பெருமையாகவும் சொன்னாள்.

அதே ஆய்வேட்டின் ஐந்தாம் இயலை முந்தின நாள்தான் தட்டி முடித்திருந்தேன். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிச்சத்தில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். நல்லது என்று நினைத்து நாலைந்து வருடமாக என் அக்கா செய்துகொண்டிருந்தது அதுதான்.

மாதிரி எடுத்தது 2008 கோடையில் என்று அட்டவணையின் தலைப்பே சொன்னது. மூன்று வருடம். மாணவர் மறுநாள் புரூஃப் பார்க்க வந்தபோது கேட்டேன். நல்ல பையன், இன்றைக்கும் தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புவார். "அந்த பம்புல பாட்டில்ல தண்ணி புடிக்கறப்ப ஒரு பாட்டி வந்து எதுக்குன்னு கேட்டாங்கண்ணே. டெஸ்டுக்குன்னேன். ரிசல்ட் வந்தா சொல்லுப்பான்னாங்க" என்றார். சொல்லலையா தம்பி என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "யாருக்குண்ணே சொல்றது? அதுக்கு ஃபார்மேட் எதுவும் இல்லையே" என்றார்.

அவரைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. அவர் சொன்னது நிஜம். வேறு எல்லாவற்றுக்கும் நீங்கள் ஃபார்மேட் வைத்திருக்கிறீர்கள். இடப்பக்கம் ஒன்றரை அங்குல மார்ஜின், பன்னிரண்டு பாயிண்ட் எழுத்து, இரட்டை இடைவெளி. அட்டை என்ன நிறம், முதுகில் பொன்னெழுத்தில் எது மேலே எது கீழே, உறுதிமொழிப் பக்கத்தில் கைடு கையெழுத்து எந்தப் பக்கம். மார்ஜின் கால் அங்குலம் குறைந்ததற்காக முந்நூறு பக்கத்தை மறுபடி அடித்து, மறுபடி பைண்ட் செய்து கொடுத்த அனுபவம் எனக்கு உண்டு. நீங்கள் கேட்டதை ஆய்வாளர்கள் செய்கிறார்கள். அந்தப் பாட்டிக்குச் சொல்லச் சொல்லி நீங்கள் கேட்கவே இல்லை.

2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியது. ஃபுளோரைடு பாதித்த ஊர்களை மனதில் வைத்துத்தான் அந்தத் திட்டமே. அக்கா ஊருக்கும் காவிரித் தண்ணீர் வந்தது. அதற்கு முன்பு, என் போனுக்குப் பிறகு, அவள் மட்டும் அரை மைல் தள்ளி ஒரு திறந்த கிணற்றில் குடிக்க எடுத்தாள். அந்தக் கிணறும் அதே அட்டவணையில் இருந்தது, அதன் எண் ஒன்றுக்குக் கீழே. நான் அட்டவணையைத் தட்டியவன் என்பதால் அவளுக்குக் கிடைத்த தகவல் அது. தம்பி வேறு தொழில் பார்த்திருந்தால் அதுவும் இல்லை.

இன்னொன்று, இது கலைத்துறை. தெருக்கூத்தைப் பற்றி ஒரு பெண் ஆய்வு செய்தார். மூன்று வருடம் அலைந்து, விடிய விடிய உட்கார்ந்து பார்த்து எழுதியது. தமிழிலேயே எழுதிய ஆய்வேடு, படிக்கவும் நன்றாக இருந்தது. பின்னிணைப்பில் தகவலாளர் பட்டியல்: பெயர், வயது, ஊர், தொழில். அதில் முதல் பெயர் ஒரு வாத்தியாருடையது. கூத்தில் வாத்தியார் என்றால் ஜமாவை, அதாவது கூத்துக் குழுவை நடத்துபவர், தெரிந்திருக்கும்.

வைவா முடிந்து ஆறு மாதம் கழித்து அந்த வாத்தியார் விலாசம் விசாரித்துக்கொண்டு என் கடைக்கே வந்துவிட்டார். கூடப் பேரன். "என் போட்டா புஸ்தகத்துல வந்திருக்காமே, பாக்கணும்" என்றார். என்னிடம் கணினியில் பிரதி இருந்தது. எடுத்துக் காட்டினேன். பேரன் படிக்கப் படிக்க ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். டீ ஆறிவிட்டது. தன் அப்பாவிடம் கற்றதைப் பற்றிய இடம் வந்தபோது இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். ஒரு படத்தில் நிறுத்தி, இதுக்குக் கீழ என்ன எழுதியிருக்கு என்றார். நாகசுரம் என்று எழுதியிருந்தது. "இது முகவீணைங்க. சின்னது. சத்தமே வேற. நாகசுரத்த வெச்சு ராத்திரி முழுக்க எவன் ஊதுவான்" என்று சிரித்தார். அப்புறம் ஒரு வேஷம் திரைக்குப் பின்னாலிருந்து வெளிப்படும் வரிசையை ஆய்வேடு முன்பின்னாக மாற்றி எழுதியிருப்பதைச் சொன்னார். பேரன் அதையெல்லாம் என் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினான்.

மொத்தம் ஏழு திருத்தம். பட்டம் கொடுத்தாயிற்று, ஐந்து பிரதியும் கெட்டி அட்டை போட்டு நூலகத்துக்குப் போயாயிற்று, பி.டி.எஃப். இணையத்தில் ஏறியாயிற்று. உள்நாட்டுத் தேர்வாளர், வெளிமாநிலத் தேர்வாளர், கைடு, பாடக்குழு என்று எத்தனை பேர் பார்த்த ஆய்வேடு. முகவீணையைத் தினமும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடிய ஒரே ஆளிடம் மட்டும் காட்டவில்லை. வைவாவுக்கு முன் நான்கு பக்கம் அவரிடம் போயிருந்தால் அந்த ஏழும் ஏறியிருக்கும். ஆய்வாளருக்கு அதனால் நஷ்டம் என்ன சொல்லுங்கள்.

ஊர்க்காரர்களிடமிருந்து எடுத்ததை ஊர்க்காரர்களோடு பகிர்ந்துகொண்டதற்கு நம் மலையிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. ஒரு தாவரவியல் ஆய்வேட்டைத் தட்டும்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. 1987-இல் அகத்தியமலைக் காட்டில் விஞ்ஞானிகள் சிலர் காணிப் பழங்குடியினரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நடந்தார்கள். இவர்கள் களைத்து விழ, காணிகள் மட்டும் ஏதோ ஒரு சிறு காயை மென்றுகொண்டு சோர்வில்லாமல் நடந்திருக்கிறார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதை வைத்துத் திருவனந்தபுரம் பக்கத்துப் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா 'ஜீவனி' என்றொரு மருந்தை உருவாக்கி, 1995-இல் கோயம்புத்தூர் மருந்து நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் கொடுத்தது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய், விற்பனையில் ஒரு பங்கு தனி. அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. அந்த ஏற்பாட்டிலும் பின்னாளில் சச்சரவுகள் வந்தன, அதையும் அந்த ஆய்வேடே சொன்னது. ஆனாலும் இந்த அறிவு யாருடையது என்ற கேள்வியை அங்கே கேட்டார்கள். நான் பாதிப் பங்கு கேட்கவில்லை. நான்கு பக்கம் கேட்கிறேன்.

செலவு என்று சொல்வீர்களோ என்றால், ஆராய்ச்சியைப் படிப்பதற்காக இந்த நாடு செலவு செய்யாமல் இல்லை. 'ஒரே நாடு ஒரே சந்தா' என்று 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது; மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். முப்பது பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களின் மாணவர்களும் ஆசிரியர்களும் படிக்கலாம். நல்ல காரியம். பையன்கள் முன்பு ஒரு கட்டுரைக்காக ஊரெல்லாம் மெயில் போட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தவன். வெளியே எழுதியதை உள்ளே கொண்டுவர 6,000 கோடி. உள்ளே எழுதியதை வெளியே, வாசலுக்கு எதிரே என் கடைவரை கொண்டுவர எவ்வளவு என்று தேடினேன். அப்படி ஒரு தலைப்பே இல்லை.

'சோத்கங்கா' இருக்கிறதே, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாமே என்று ஒரு பேராசிரியர் என்னிடம் சொன்னார். உண்மைதான். குஜராத்தின் காந்திநகரில் இருக்கும் இன்ஃபிளிப்நெட் நடத்துகிற அந்தக் களஞ்சியத்தில் நாடு முழுவதிலிருந்தும் லட்சக்கணக்கான ஆய்வேடுகள் கிடக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின், அதாவது யூ.ஜி.சி.யின், 2009 விதிமுறை வந்ததிலிருந்து மின்பிரதி கொடுத்தாக வேண்டும். நான் அதை மதிக்கிறேன், தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அங்கே போய் அக்கா எதைத் தட்டித் தேடுவாள்? ஆய்வேட்டின் தலைப்பு ஆங்கிலத்தில் மூன்று வரி. அதில் மாரியம்மன் கோயில் அடிபம்பு இல்லை.

சரி, தமிழில் எழுதிய ஆய்வேடுகளாவது கிடைக்குமா? இங்கேதான் நான் என் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பத்துப் பதினைந்து வருடம் நான் தட்டிய தமிழ் ஆய்வேடுகள் எல்லாம் பாமினி எழுத்துருவில். என் போன்ற கடைகளில் பாமினி இல்லையென்றால் வானவில், இல்லையென்றால் வேறு ஏதோ ஒன்று. இந்த எழுத்துருக்கள் ஒரு வேஷம்தான். திரையில் 'தமிழ்' என்று தெரியும். கணினி உள்ளே வைத்திருப்பது ஆங்கில எழுத்துகளில் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ்ச் சட்டை போட்டு உட்கார வைத்திருக்கிறோம். அச்சடித்தால் குறை தெரியாது. இணையத்தில் தேடினால் 'முகவீணை' என்ற சொல் அந்த ஆய்வேட்டில் நூறு இடத்தில் இருந்தும் ஒன்றுகூடச் சிக்காது. பழைய ஆய்வேடுகளோ வெறும் ஸ்கேன், படம். அதிலும் தேட முடியாது.

இதனால் இன்னொரு வேடிக்கை. யூ.ஜி.சி.யின் 2018 விதிமுறைப்படி, பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினால் கேள்வி, 40-ஐத் தாண்டினால் தண்டனை கடுமை, 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் அந்த ரிப்போர்ட்டுக்காக நடுங்குவார்கள். பாமினியில் தட்டிய ஓர் ஆய்வேட்டுக்கு வந்த ரிப்போர்ட்டை ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார், 0 சதவீதம். மென்பொருள் அதைத் தமிழாகவே பார்க்கவில்லை. அரைப்புள்ளி நிறைந்த ஏதோ ஒரு புது மொழி, உலகத்தில் வேறு எவரும் எழுதாதது, ஆகவே சுத்தமான சொந்தச் சரக்கு. அவர் அதைக் கண்ணாடி போட்டு மாட்டாததுதான் பாக்கி.

எழுத்து ஒவ்வொன்றுக்கும் பொதுவான ஓர் எண் தரும் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-இலேயே தரமாக அறிவித்துவிட்டது. அதற்குப் பிறகும் உங்கள் வழிகாட்டிக் குறிப்புகளில் எழுத்தின் அளவு இருக்கிறது, எழுத்து கணினிக்குள் எந்த முறையில் பதிய வேண்டும் என்பதைச் சொல்லும் குறியேற்றம் என்ற சொல் இல்லை. கேட்டால் எங்களைப் போன்ற கடைக்காரர்கள் ஒரே நாளில் மாறிக்கொள்வோம். மாற்றித் தரும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. நான் 2016-இல் மாறினேன், யாரும் கேட்டு அல்ல. கூத்து வாத்தியாரின் பேரன் அந்த ஆய்வேட்டை இணையத்தில் தேடிக் கிடைக்கவில்லை என்று சொன்ன பிறகு. ஆகவே என் நான்கு பக்கக் கோரிக்கைக்கு ஒரு வால் உண்டு: தமிழில் எழுதும் எந்தப் பக்கமும் யூனிகோடில் மட்டும்.

இனி, நீங்கள் சொல்லக்கூடிய தடைகள். சிலவற்றைக் கடைக்கு வரும் பேராசிரியர்களிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டேன்.

கலைச்சொல் இல்லை என்பது முதலாவது. இதற்கு ரொம்பப் பதில் வேண்டியதில்லை. யாழ்ப்பாணம் மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1860-களிலேயே தமிழில் மருத்துவம் சொல்லிக்கொடுத்தார், பாடநூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். ரசாயனத்துக்கு அவர் வைத்த பெயர் 'கெமிஸ்தம்'. எனக்கு அந்தச் சொல் பிடிக்கும், அதன் துணிச்சலுக்காக. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010-இல் கட்டுமானப் பொறியியலும் இயந்திரப் பொறியியலும் தமிழ்வழியில் தொடங்கின. நான்கு பக்கத்துக்கு இத்தனைகூட வேண்டாம். ஃபுளோரைடு என்றே எழுதலாம். அக்காவுக்கு ஃபுளோரைடு என்ற சொல்லால் ஒரு சிரமமும் வரவில்லை.

இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு ஒட்டிவிடுவார்கள் என்பது அடுத்தது. இது நியாயமான பயம். சாயப்பட்டறைக் கழிவுநீர் பற்றிய ஆய்வேட்டுக்கு ஒருவர் அப்படிச் செய்து கொண்டுவந்தார். சுத்திகரிப்பு ஆலை 'சிகிச்சைச் செடி' ஆகியிருந்தது. திறந்த கிணறு 'திறந்த நன்றாக' ஆகியிருந்தது. செடிக்கு எதுக்கு தம்பி சிகிச்சை என்றேன். இருவரும் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் சரி செய்தோம். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் ஒன்று சொன்னார்: "என் ஆய்வு என்னன்னு இப்பதான்ணே எனக்கே நேரா புரியுது." ஆகவே இதை வைவாவில் கேளுங்கள். அந்த நான்கு பக்கத்தை ஆய்வாளர் வாய்விட்டுச் சொல்லட்டும். காசு வாங்கிக்கொண்டு ஆய்வேட்டையே எழுதித் தரும் இடங்கள் இருக்கின்றன, உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அங்கே வாங்கி வந்தவர் இந்த நான்கு பக்கத்தில் தடுக்கி விழுவார். ஒப்புமை ரிப்போர்ட்டைவிட இது நல்ல சல்லடை என்பது என் எண்ணம்.

தமிழ் தெரியாத ஆய்வாளர்கள்? இருக்கிறார்கள், வடக்கிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் நிறையப் பேர் வருகிறார்கள். அவர்கள் ஆங்கிலத்தில் எழுதட்டும், துறையில் ஒருவர் தமிழாக்கட்டும். ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் தமிழ்த்துறை இருக்கிறது. வேறு துறை வாசலை மிதிக்க அவர்களுக்கும் ஒரு காரணம் கிடைக்கும். வெளியில் இது புதிதும் அல்ல. கோலாலம்பூரிலிருந்து வந்த ஒருவர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தான் செய்த ஆய்வேட்டை ஒரு பிரதி எடுக்கக் கொண்டுவந்தார். ஆங்கிலச் சுருக்கத்துக்குப் பக்கத்தில் மலாய்மொழிச் சுருக்கம். அங்கே அது இல்லாமல் வாங்க மாட்டார்களாம். நெதர்லாந்தில் ஆங்கிலத்தில் எழுதும் ஆய்வேடுகளின் கடைசியிலும் டச்சு மொழியில் ஒரு சுருக்கம் வைப்பது வழக்கம். அந்த நாட்டின் மக்கள்தொகை தமிழ்நாட்டினுடையதில் ஏறக்குறைய கால்வாசிதான்.

எல்லாத் துறைக்கும் இது பொருந்துமா என்று ஒரு கணிதப் பேராசிரியர் கேட்டார். கடினமான கேள்விதான். அவரது மாணவியின் ஆய்வேட்டில் நான் புரிந்துகொண்ட ஒரே சொல் 'ஆகவே'. ஆனால் அந்தப் பெண்ணே ஒரு நாள் கரண்ட் போன நேரத்தில், எதிர்க்கடை உளுந்து வடையைக் கையில் வைத்துக்கொண்டு, இதையும் பிடி வைத்த கப்பையும் கணிதத்தில் ஒரே குடும்பமாகப் பார்க்கும் பிரிவு இருக்கிறது, இரண்டிலும் ஓட்டை ஒன்று, நான் செய்வது அந்தப் பிரிவில் என்று சொன்னாள். கணிதத்துக்கு நான்கு பக்கம் வேண்டாம், ஒரு பக்கம் போதும். கேள்வி என்ன என்பதை மட்டும் சொல்லட்டும். அடுத்த தெருவில் பத்தாவது படிக்கும் ஒரு பெண்ணுக்கு அது போதும்.

கடைசியாக, ஆய்வாளருக்கு ஏற்கெனவே சுமை அதிகம் என்பார்கள். அதை என்னைவிட நேரில் பார்த்தவர் குறைவு. சினாப்சிஸ் என்ற ஆய்வுச் சுருக்கம் கொடுக்கும் வாரத்தில் என் கடையில் அழுதவர்கள் உண்டு. பேப்பர் போட வேண்டும் என்று விதி இருந்த காலத்தில் உதவித்தொகையை மிச்சம் பிடித்து, யாரும் படிக்காத ஏதோ ஒரு 'பன்னாட்டு' இதழுக்குக் காசு கட்டியவர்கள் உண்டு. அந்த ரசீதையும் நான்தான் ஜெராக்ஸ் எடுத்தேன். 2022 விதிமுறையில் அந்தக் கட்டாயம் போனது. எந்த இதழ் நல்லது என்று சொல்ல வைத்திருந்த யூ.ஜி.சி. கேர் பட்டியலும் 2025-இல் போனது. எம்.ஃபில். பட்டமே போனது. 2009, 2016, 2018, 2022 என்று விதிகள் மாறிக்கொண்டேதான் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் நான் புது டெம்பிளேட் செய்கிறேன். இத்தனை மாற்றத்துக்கு நடுவே இந்த ஒன்றும் சேரட்டும். சுமை ஏறினால் அதற்கு ஈடாக வேறு ஒன்றைக் குறையுங்கள். உறுதிமொழிப் பக்கங்களில் இரண்டை எடுத்துவிடுங்கள், அவற்றை யாரும் படிப்பதில்லை.

நான்கு பக்கமும் ஊருக்குப் போய் என்ன ஆகும் என்று கேட்கலாம். ஊராட்சி அலுவலகத்தில் மடித்துப் போட்டுவிடுவார்கள் என்றும் சொல்லலாம். போடலாம். ஆனால் வருடத்துக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. நூலகம் இருக்கும் ஊரில் நூலகம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியர் இருக்கிறார். ஆறில் ஒரு கூட்டத்தில், 'நம்ம ஊர் ஏரி மண்ணைப் பற்றி ஒரு பொண்ணு ஆராய்ச்சி பண்ணியிருக்கு' என்று யாராவது ஒருவர் எழுந்து படித்தால் போதும். மற்றபடி மடித்துப் போட்ட தாளும் பரண்மேல் இருக்கும். இருபது வருடம் கழித்து எவனாவது எடுப்பான். காந்திநகர் சர்வரில் இருப்பதை எடுக்க அவனுக்குத் தோன்றாது.

என்னால் ஆனதையும் சொல்லிவிடுகிறேன். இந்த விதி வந்தால், என் கடைக்கு வரும் ஆய்வேடுகளில் அந்த நான்கு பக்கத்துக்குத் தட்டச்சுக் கூலி கிடையாது. யூனிகோடில், தேடினால் கிடைக்கிற மாதிரி, அடித்துத் தருகிறேன். ஊருக்கு அனுப்பும் பிரதிக்கு ஜெராக்ஸ் காசும் வேண்டாம். இதை என் தொழில் நண்பர்கள் சிலரிடமும் பேசியிருக்கிறேன். இரண்டு பேர் சரி என்றார்கள், ஒருவர் முதலில் பழைய பாக்கியைக் கொடு என்றார்.

கூத்து வாத்தியார் போன வருடம் தை மாதம் காலமாகிவிட்டார். அவர் சொல்லப் பேரன் எழுதிய ஏழு திருத்தங்களும் அந்தப் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில், என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. ஆய்வு செய்த பெண்ணிடம் காட்டினேன். அவருக்கும் ஏற்றிவிட ஆசைதான். பட்டம் வாங்கியபின் ஆய்வேட்டில் கை வைக்க வழியில்லை என்று விசாரித்துச் சொன்னார். அந்தத் தாளை யாருக்கு, எந்தப் பிரிவுக்கு, எந்த ஃபார்மேட்டில் அனுப்ப வேண்டும் என்று உங்கள் அலுவலகத்திலிருந்து யாராவது எழுதினால், அன்றைக்கே யூனிகோடில் அடித்து அனுப்பிவிடுவேன். இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் விட்டு.

இப்படிக்கு,
பல்கலைக்கழக வாசலுக்கு எதிர்வரிசைத் தட்டச்சுக் கடைக்காரர்